ஜெல்லின் பதம்

வினையின் வேகத்தை மாற்றும், ஆனால் தான் மாறாது. வினையூக்கிக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் இலக்கணம் இது. மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆய்வுக்கூடத்தில் சில வருடங்களைக் கழித்தவர்களை மட்டும் அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கும். மாறாத பொருள் ஏன் பழசாகிறது? காரின் புகைக்குழாயில் பொருத்தியிருக்கும் மாற்றி, வண்டி ஓட ஓட ஏன் சோர்ந்துபோகிறது? ஈயமும் கந்தகமும் பாஸ்பரசும் நஞ்சாகப் படிவது ஒரு காரணம். இன்னொன்று எந்த நஞ்சும் இல்லாமலே நடப்பது. உள்ளே வைத்த பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் எடையில் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. சூட்டில் அவற்றின் துகள்கள் இடம்பெயர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பருத்துவிட்டன. வேலை படுத்துப்போக அதுவே போதும்.

இதிலுள்ள கணக்கு எளியது. ஆனால் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனசைக் கலங்கடிப்பது. 2 நானோமீட்டர் குறுக்களவுள்ள தங்கத் துகள் ஒன்றில் சுமார் 250 அணுக்கள். அவற்றில் பாதிக்கு மேல் மேற்பரப்பில் நிற்கின்றன. வந்து மோதும் வாயு மூலக்கூறுக்கு அவை எட்டும். குறுக்களவு 20 நானோமீட்டர் ஆகும்போது அணுக்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம். மேற்பரப்பில் நிற்பவை நூற்றுக்கு ஐந்தாறுதான். விலை கொடுத்து வாங்கிய தங்கத்தில் மீதியெல்லாம் வேலைக்கு வராமல் உள்ளே கிடக்கும். அப்படியானால் சூடுபடுத்தாமலே விட்டுவிடலாமே என்று தோன்றும். கட்டித் தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். அணுக்கள் நகரத் தொடங்குவதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை. உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்கினால் கிடைப்பதை டாம்மன் வெப்பநிலை என்பார்கள். தங்கத்துக்கு அது சுமார் 395 டிகிரி. துகள் சிறுக்கச் சிறுக்க அதுவும் இறங்கும். வினையூக்கியைத் தயாரிக்கும்போது உள்ளே தங்கிய கரிமப் பொருளை எரித்துப்போக்க உலையை ஏற்றவேண்டியதும் அநேகமாக அதே 400 டிகிரிக்குத்தான். துகளைப் பிறப்பிக்கிற சூடும் அதைக் கிழடாக்குகிற சூடும் ஒன்றாகவே இருப்பது இந்தத் துறையின் தீராத தலைவலி.

மைக்கேல் பாரடே 1850களில் செய்த தங்கக் கூழ்மங்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் நிறம் குன்றாமல் இருக்கின்றன. துகள்கள் நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகத் தனித்தனியே மிதந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ஆனால் அங்கே சூடு இல்லை, வாயு ஓட்டம் இல்லை. தண்ணீர் சுமக்கிறது, மின்சுமை ஒன்றை ஒன்று தள்ளி வைக்கிறது. தொழிற்சாலைக் குழாய்க்குள் இந்தச் சலுகைகள் எதுவும் கிடையாது. அங்கே துகளுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். சிலிக்கா, அலுமினா, டைட்டானியா போன்ற நுண்துளைகள் நிறைந்த ஆக்சைடுகள் அந்த இடத்தைத் தருகின்றன. தாங்கி என்று அவற்றுக்குப் பெயர்.

பழக்கமான வழி, தாங்கியை முதலில் செய்து வைத்துக்கொண்டு, உலோக உப்பின் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, சுட்டு, ஹைட்ரஜனில் ஒடுக்குவது. மலிவானது, டன் கணக்கில் செய்யத் தோதானது. தொழில்துறையில் இன்றும் பெருமளவு நடப்பது இதுதான். இதன் குறை உலர்த்தும்போது வெளிப்படும். தண்ணீர் ஆவியாகிப் பின்வாங்கும் திசையில் உப்பும் இழுபட்டுப் போகிறது. துளைகளின் வாயருகே கும்பலாகவும் உள்ளே வெறிச்சோடியும் உலோகம் படிகிறது. ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் குடியேறுகிறவர் தனக்கு வசதிப்பட்ட அறையில்தான் படுப்பார். கட்டியவர் நினைத்த அறையில் அல்ல. திரவக் கூழ்மத்தை (சோல்) ஜெல்லாக உறையவிடும் சோல்-ஜெல் வழியின் கவர்ச்சி இங்கே தொடங்குகிறது. தாங்கியை முன்கூட்டிச் செய்துவைக்காமல், திரவத்திலிருந்து உலோகத்தைச் சுற்றியே அதை வளர்த்தெடுத்தால் என்ன?

அந்த வளர்ச்சியை முதலில் கண்டவர் வினையூக்கியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கவில்லை. ழாக்-ஜோசப் எபெல்மன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1840களில் சிலிக்கன் குளோரைடையும் ஆல்கஹாலையும் வினைபுரியவிட்டுக் கிடைத்த திரவத்தைக் கவனித்துவந்தார். ஈரக்காற்று பட்ட அந்தத் திரவம் மெல்ல மெல்லக் கெட்டியாகி, கண்ணாடி போன்ற பொருளாக மாறியது. உலையும் இல்லை, நெருப்பும் இல்லை. பிறகு செவ்ர் பீங்கான் ஆலையின் நிர்வாகியான அவர், 1852இல் 37 வயதில் இறந்துபோனார். நெருப்பையே நம்பிய பீங்கான் தொழிலின் தலைமை இடத்துக்கு, நெருப்பில்லாத கண்ணாடியைப் பார்த்த மனிதர் போய்ச் சேர்ந்ததை வெறும் தற்செயல் என்று கடந்துவிட மனம் வருவதில்லை. இன்று டெட்ராஎத்தாக்சிசிலேன் என்ற பெயரில் பாட்டிலில் வாங்குவது அவர் கையாண்ட அதே குடும்பத்துத் திரவம்தான்.

அந்தப் பாட்டிலைத் திறந்தால் லேசான சாராய வாசனை. நிறமில்லாத திரவம். தண்ணீரில் ஊற்றினால் கலக்காது, தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். இரண்டையும் சேர்த்துவைக்க எத்தனால் வேண்டும். பீக்கருக்குள் காந்தத் துண்டு சுழல, அமிலமோ அம்மோனியாவோ சொட்டுச் சொட்டாக விழ, எத்தாக்சித் தொகுதிகளைத் தண்ணீர் வெட்டி ஆல்கஹாலாக வெளியே தள்ளுகிறது. காலியான இடங்கள் ஒன்றோடொன்று இணைந்து சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்புகளாகின்றன. அமிலத்தில் செய்தால் நீண்ட, கிளை குறைந்த இழைகள் உருவாகின்றன. காரத்தில் செய்தால் அடர்ந்த உருண்டைகள் பிறந்து, பிறகு அவை கைகோத்துக்கொள்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்: நெடுநேரம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு காந்தத் துண்டின் ஓட்டம் மந்தமாகும், திரவத்தின் நடுக்குழி ஆழம் குறையும், ஒரு கட்டத்தில் துண்டு திக்கி நிற்கும். குப்பியைச் சாய்த்தால் மேற்பரப்பு சாயாது. உள்ளே மாட்டிய காற்றுக்குமிழி மேலே வராமல் அந்தரத்தில் நிற்கும். இந்தக் கணத்தை அளக்கக் கருவிகள் உண்டு. ஆனாலும் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் குப்பியைச் சாய்த்துத்தான் பார்க்கிறார்கள்.

சிலிக்காவாவது பொறுமைசாலி. டைட்டானியாவுக்கு மூலமான டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு அப்படியல்ல; ஈரக்காற்று பட்டதும் புகையும், பாட்டிலின் கழுத்தில் வெள்ளையாகப் பொருக்குத்தட்டும். தண்ணீரை நேராகச் சேர்த்தால் ஜெல் வராது, வெள்ளை வண்டல்தான் விழும். அசிட்டைல்அசிட்டோன் போன்ற ஒன்றைக் கலந்து அதன் வேகத்தை மட்டுப்படுத்தவேண்டும். இதே செய்முறையை வறண்ட குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்திலும் கடலோரச் சென்னையின் மழைக்காலத்திலும் செய்து ஒரே விளைவை எதிர்பார்க்க முடியுமா? காற்றின் ஈரமும் ஒரு மூலப்பொருளாக வந்து கலந்துவிடுகிறது; அதை யாரும் எடை போடுவதில்லை.

ஜெல் உறைந்ததோடு முடிந்துவிடவில்லை. மூடிய குப்பிக்குள் சில நாட்கள் முதிரவிடவேண்டும். தொடாமல் வைத்தாலும் அது தானாகச் சுருங்கி, கொஞ்சம் திரவத்தை வெளியே பிழிந்து தள்ளும். அடுத்தது உலர்த்துவது, பாதி உழைப்பு வீணாவது இங்கேதான். 5 நானோமீட்டர் ஆரமுள்ள துளைக்குள் தண்ணீரின் வளைந்த மேற்பரப்பு உண்டாக்கும் இழுப்பு ஏறத்தாழ 290 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். எத்தனாலில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும்; அப்போதும் ஜெல்லின் மெல்லிய வலைக்கு அது பெரும்பாரம்தான். வலை நொறுங்கி, கன அளவு பல மடங்கு சுருங்கி, வெடித்த சில்லுகளாகக் கையில் கிடைக்கும். கலிபோர்னியாவில் இருந்த சாமுவேல் கிஸ்ட்லர் 1931இல் இதற்கு ஒரு தப்பும் வழி கண்டார். திரவத்தை அதன் மாறுநிலை வெப்பத்துக்கு மேலே கொண்டுபோய்விட்டால் திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே எல்லைக்கோடு இருக்காது. கோடு இல்லாத இடத்தில் இழுப்பும் இல்லை. அப்படிப் பிறந்தது ஏரோஜெல். 1934இல் அவரும் கூட்டாளிகளும் தோரியா ஏரோஜெல்லை வினையூக்கியாக்கி, எஸ்டர்களைக் கீட்டோன்களாக மாற்றிக் காட்டினார்கள். ஆல்கஹாலை 240 டிகிரிக்கும் 60 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோவது விளையாட்டல்ல. 1984இல் தெற்கு ஸ்வீடனில் ஏரோஜெல் செய்த ஆலை ஒன்றில் மெத்தனால் கசிந்து, கூடமே வெடித்துச் சிதறியது. 31 டிகிரியிலேயே மாறுநிலைக்கு வந்துவிடும் கார்பன் டை ஆக்சைடு பிற்பாடு பரவலானதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் நடுவே உலோகம் எங்கே போகிறது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிக்ஸ், பிரார் ஆகியோர் 1990களில் செய்த வேலை தனித்து நிற்கிறது. அதற்கு முன்பே உல்ரிக் ஷூபெர்ட்டின் குழு ஒரு யுக்தியைக் காட்டியிருந்தது: ஒரு முனையில் உலோக அயனியைப் பிடிக்கும் அமீன் கை, மறுமுனையில் சிலிக்கா வலையில் சேரக்கூடிய ஆல்காக்சித் தொகுதி. இப்படி இரண்டு கையுள்ள சிலேனை உலோகத்தோடு சேர்த்துவிட்டால், ஜெல் உருவாகும்போது உலோகமும் வலையின் அங்கமாகிவிடும். லியேஜ் குழு பல்லேடியம் அசிட்டைல்அசிட்டோனேட் தூளை எத்தனாலில் இந்தச் சிலேனோடு சேர்த்துக் கலக்கும். கலங்கலாகத் தொடங்குவது தெளிந்த மஞ்சள் கரைசலாகும். பல்லேடியம் பிடிபட்டுவிட்டதற்கு அடையாளம் அது. பிறகு டெட்ராஎத்தாக்சிசிலேன், பிறகு அம்மோனியா நீர். மூடி, 70 டிகிரியில் சில நாட்கள்.

சுட்டு, ஒடுக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது 2, 3 நானோமீட்டர் பல்லேடியத் துகள்கள் சிலிக்கா உருண்டைகளின் மேல் ஒட்டியிருக்கவில்லை, உள்ளே இருந்தன. இதற்கு அவர்கள் தந்த விளக்கம் அழகானது. சிலேனில் இருப்பவை மெத்தாக்சித் தொகுதிகள். டெட்ராஎத்தாக்சிசிலேனில் இருப்பவை எத்தாக்சித் தொகுதிகள். மெத்தாக்சி முந்திக்கொண்டு வினைபுரியும். ஆகவே பல்லேடியத்தைச் சுமந்த மூலக்கூறுகளே முதல் கருக்களாகின்றன. மெதுவாக வரும் சிலிக்கா அந்தக் கருவின் மேல் படிந்து வளர்கிறது. தாங்கியில் உலோகம் குடியேறியது என்று இங்கே சொல்ல முடியாது. உலோகத்தைச் சுற்றித்தான் தாங்கியே உருவாகியிருக்கிறது. சூட்டில் துகள் நகரப் பார்த்தாலும் உருண்டையின் நுண்துளைகள் அதைவிடக் குறுகல்; வெளியே வர வழியில்லை. அதனாலேயே அது பெருப்பதும் இல்லை. பி.வி.சி. தொழிலோடு ஒட்டிய 1,2-டைகுளோரோஎத்தேனிலிருந்து குளோரினைக் கழற்ற, இதே முறையில் பல்லேடியத்தோடு வெள்ளியும் சேர்த்த வினையூக்கிகளைச் செய்தார்கள். பல்லேடியம் தனியாக இருந்தால் வினை ஈத்தேன் வரைக்கும் ஓடிவிடும். வெள்ளி கலந்தால் எத்திலீனோடு நிற்கும். எத்திலீனுக்குத்தான் விலை.

இங்கே ஒரு சந்தேகம் எழாமல் இருக்காது. வெளியே வர முடியாதபடி அடைத்துவைத்த துகளிடம் வாயு எப்படிப் போய்ச் சேரும்? உருண்டையின் நுண்துளைகள் மூலக்கூறுகளை உள்ளே விடும், துகளை வெளியே விடாது என்பது பதில். டைகுளோரோஎத்தேன் போன்ற சின்ன மூலக்கூறுக்கு அது சரிப்பட்டது. பெரிய மூலக்கூறு வந்தால்? சிலிக்கா கொஞ்சம் கூடுதலாகப் படிந்து துளை அடைபட்டால்? இதைச் சோதிக்க ஒரு நேர்மையான வழி உண்டு. நுண்ணோக்கியில் துகளின் அளவைப் பார்த்து மேற்பரப்பில் எத்தனை அணுக்கள் இருக்கவேண்டும் என்று கணக்கிடலாம். கார்பன் மோனாக்சைடைச் செலுத்தி உண்மையில் எத்தனை அணுக்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன என்று அளக்கலாம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி புதைந்துபோன உலோகத்தின் அளவு. சோல்-ஜெல் வினையூக்கிகளைப் புகழும் பல கட்டுரைகளில் நுண்ணோக்கிப் படம் முன்னால் பளிச்சென்று நிற்கும். இந்த இடைவெளியைத் தேடித்தான் எடுக்கவேண்டியிருக்கும். இறுக்கிப் பிடித்தால் புதைகிறது, தளர்த்தினால் ஓடிச் சேர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் அகலமானது என்று நம்ப ஆதாரம் குறைவு.

தங்கத்தின் கதை இதைவிடப் பிடிவாதமானது. வினைபுரியாத உலோகம் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட தங்கத்தை, ஒசாகாவில் பணியாற்றிய மசதகே ஹருதா ஆக்சைடுகளின் மேல் சில நானோமீட்டர் துகள்களாகப் படியவைத்தார். அது கார்பன் மோனாக்சைடை மைனஸ் 70 டிகிரியில்கூட ஆக்சிஜனேற்றம் செய்வதை 1987இல் வெளியிட்டார். அதே தங்கம் சில நானோமீட்டரைத் தாண்டியதும் மறுபடி சோம்பேறியாகிவிடும். இங்கே அளவு என்பது திறமையின் ஒரு கூறு அல்ல, திறமையே அதுதான். தங்கக் குளோரைடிலிருந்து வரும் அயனிக்கு எதிர்மின்சுமை. சிலிக்காவின் மேற்பரப்பும், அமிலத்தன்மை மிகுந்த கரைசலைத் தவிர, எதிர்மின்சுமையோடுதான் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஏற்காது. டைட்டானியாவில் எளிதாகப் படிகிற தங்கம் சிலிக்காவில் நழுவிப்போவது இதனால்தான். ஜெல்லுக்குள்ளேயே அமீன் கையால் பிடித்துவைப்பது இதற்கு ஒரு மருந்து. கந்தகக் கை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் மிஞ்சிய கந்தகம் அதே தங்கத்துக்கு நஞ்சாகும். போதாக்குறைக்குக் குளோரைடு வேறு. சரியாகக் கழுவாவிட்டால் சூட்டில் துகள்கள் கட்டிக்கொள்ள அதுவே தரகு வேலை பார்க்கும்.

தாங்கி சும்மா தாங்குகிறது என்று நினைத்தவர்களுக்கு 1978இல் ஓர் அதிர்ச்சி வந்தது. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் டாஸ்டரும் உடனிருந்தவர்களும் டைட்டானியா மேலிருந்த பிளாட்டினம் வகை உலோகங்களை 500 டிகிரியில் ஹைட்ரஜனில் ஒடுக்கியபோது, அவை ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் குணத்தையே கிட்டத்தட்ட இழந்துவிட்டன. துகள்கள் பெருக்கவில்லை, நுண்ணோக்கியில் சின்னதாகவேதான் தெரிந்தன. ஆக்சிஜனில் சூடுபடுத்தி, மறுபடி மிதமாக ஒடுக்கினால் பழைய குணம் திரும்பியது. பாதி ஒடுங்கிய டைட்டானியாவின் மெல்லிய படலம் உலோகத்தின் மேல் ஏறி மூடிக்கொள்கிறது என்பது பிற்பாடுதான் தெளிவாயிற்று. உட்காரக் கொடுத்த பாயே எழுந்து போர்வையாகிவிட்டது. மாறாத வினையூக்கி என்ற பள்ளிக்கூட இலக்கணத்தில் உலோகம் மட்டுமல்ல, தாங்கியும் அடங்காது.

இவ்வளவு சிக்கலான ஒரு பிறப்பு, அச்சில் வரும்போது எத்தனை வரி பெறுகிறது என்று பார்த்தால்தான் முதலில் சொன்ன உறுத்தல் கூடுகிறது. எதிர்வினைக் கணக்கு, நிறமாலை, படங்கள் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். தயாரிப்பு அரைப் பத்தி. இத்தனை மில்லிலிட்டர், இத்தனை மணிநேரம் கலக்கியது, இரவு முழுதும் உலர்த்தியது. எந்த இரவு, எவ்வளவு நீண்ட இரவு? ஒரே பொருளைப் பல ஆய்வுக்கூடங்களும் பரிசோதித்து ஒப்பிட வழியில்லாமல்தான் ஐரோப்பாவில் 6.3 சதவீதப் பிளாட்டினத்தைச் சிலிக்காவில் ஏற்றிய யூரோபிடி-1 என்ற பொது மாதிரியைத் தயாரித்துப் பகிர்ந்தார்கள். 2000க்குப் பிறகு உலகத் தங்க கவுன்சிலும் தங்க வினையூக்கிகளின் பொது மாதிரிகளை ஆய்வாளர்களுக்கு வழங்கியது. ஒருவர் எழுதிய செய்முறையைப் படித்து இன்னொருவர் அதே பொருளைச் செய்துவிட முடியும் என்றால் இந்தப் பொது மாதிரிகளுக்கு இவ்வளவு தேவை இருந்திருக்காது.

இது கைவினையின் ரகசியம், எழுத்தில் வராது என்று சொல்லித் தப்பிப்பவர்கள் உண்டு. அது பாதிதான் உண்மை. எழுதக்கூடியதில் பெரும்பகுதியே இன்னும் எழுதப்படவில்லை. ஜெல் உறைய எத்தனை நிமிடம் ஆயிற்று, அன்று அறையின் ஈரப்பதம் எவ்வளவு, தண்ணீரை எவ்வளவு வேகத்தில் சேர்த்தார்கள், முதிரும்போது குப்பி மூடியிருந்ததா, உலர்ந்தபின் கன அளவு எவ்வளவு சுருங்கியது, நிறம் எந்தக் கட்டத்தில் மாறியது, எந்தெந்தத் தடவை வண்டலாக விழுந்து கொட்டவேண்டி வந்தது. இவற்றைக் குறிக்க ஒரு கடிகாரமும் ஒரு ஈரமானியும் ஒரு நோட்டும் போதும். செலவு ஆயிரக்கணக்கில்கூடப் போகாது. அருகே நிற்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் விலை கோடிகளில். தோல்வியுற்ற ஜெல்களுக்கும் கட்டுரையின் துணைப்பக்கங்களில் இடம் ஒதுக்குவதை ஆய்விதழ் ஆசிரியர்கள் கட்டாயமாக்கலாம். சோல்-ஜெல்லில் வேலை செய்யும் மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பீக்கரை வைக்கும்போதே அறையின் ஈரப்பதத்தை நோட்டில் எழுதத் தொடங்கட்டும்.